கதவு ஓனரோடது, பூட்டு யாரோடது?

வேலைக்கான ஆர்டர் கைக்கு வந்துவிட்டது. முதல் போஸ்டிங் நயினார்கோவில். பள்ளிக்கூடமோ, ஆரம்ப சுகாதார நிலையமோ, யூனியன் ஆபீஸோ, ஏதோ ஒன்று. முதல் இரண்டு மாதம் பரமக்குடியில் தங்கி தினமும் பஸ்ஸில் போய்வந்து பார்த்தீர்கள். கடைசி பஸ்ஸை விட்டுவிட்டு ஒருநாள் திண்டாடியதும், உள்ளூரிலேயே வீடு பார்த்துவிடலாம் என்று முடிவாயிற்று. நாகநாதர் கோவிலுக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு வீடு. ஒரு ஹால், ஒரு ரூம், அடுப்படி, பின்னால் குளியலறை. வாடகை 4,000, அட்வான்ஸ் 20,000 என்று வைத்துக்கொள்வோம். பேசி முடித்து பணத்தை அனுப்பியதும் ஓனர் ஒரு சாவியை உங்கள் கையில் கொடுத்துவிட்டுச் சொல்கிறார்: "இன்னொரு சாவி எங்கிட்டயே இருக்கட்டும் தம்பி. ஆத்திர அவசரத்துக்கு வேணும்ல."

நீங்க என்ன சொல்வீங்க? "சரிங்கய்யா"னு தலையாட்டிட்டு வந்துடுவீங்க. நானும் அப்படித்தான் ஆட்டியிருக்கேன். வீடு கிடைச்சதே பெருசு, இதுல சாவிக்கு ஒரு பஞ்சாயத்தானு தோணும். நயினார்னா தலைவர், எஜமான்னு பொருள். ஊர் பேரிலேயே ஓனர் உட்கார்ந்திருக்கார், அவர்கிட்ட போய் சாவியைக் கேட்கறதா!

ஆனால் என் கருத்து இதுதான்: வாடகை வீட்டுக்குப் போனதும் நீங்க செய்ற முதல் செலவு பூட்டாக இருக்கணும். டி.வி. ஸ்டாண்டும் வாட்டர் கேனும் அப்புறம். பூட்டை மாத்துங்க. அதை ஒளிச்சு மறைச்சு செய்யாம, ஓனர்கிட்ட சொல்லிட்டே மாத்துங்க. இதுக்கு சட்டம் உங்க பக்கம் இருக்கு. பணக் கணக்கும் உங்க பக்கம்தான் இருக்கு.

முதல்ல கதவைப் பாருங்க. இந்தப் பக்கத்து பழைய வீடுகளில் மரக்கதவு, அதில் நாதாங்கி, அதில் தொங்கும் பூட்டு. இங்கே பிரச்சினையே கிடையாது. குடிவருபவர் தன் பூட்டைத் தானே கொண்டுவருவது பல வீடுகளில் வழக்கம். கடையில் நவ்தால் வாங்கியோ, வீட்டிலிருந்து அம்மா கொடுத்துவிட்ட திண்டுக்கல் பூட்டையோ மாட்டிக்கொள்வார்கள். கதவு அவருடையது, பூட்டு உங்களுடையது. யாரும் சண்டை போடமாட்டார்கள். (திண்டுக்கல் பூட்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஒரு பூட்டின் சாவி இன்னொன்றுக்குச் சேராது என்பதுதான் அதன் பெருமையே.) சிக்கல் எல்லாம் புதுசாகக் கட்டின வீடுகளில், கதவுக்குள்ளேயே பதித்த பூட்டில்தான். அங்கே பூட்டும் கதவோடு சேர்ந்து ஓனருடையது. சாவி மூன்று இருந்திருக்கும். உங்களுக்கு வந்தது ஒன்று. உங்களுக்கு முன்னால் இருந்தவர் ஒன்று கொண்டுபோனாரா, அதற்கு முன்னால் வேலை செய்த பெயின்டரிடம் ஒன்று போனதா, ஓனருக்கே ஞாபகம் இருக்காது. ஓனர் நல்லவரா கெட்டவரா என்பது இரண்டாவது கேள்வி. மீதி சாவிகள் எங்கே என்பதுதான் முதல் கேள்வி.

இதில் இன்னொரு வசதி. முழுப் பூட்டையும் கழற்றவேண்டியதில்லை. பெரும்பாலான பதித்த பூட்டுகளில் நடுவில் இருக்கும் சிலிண்டரை மட்டும் மாற்றினால் போதும். பரமக்குடியில் ஹார்டுவேர் கடையில் பழைய சிலிண்டரைக் காட்டினால் அதே அளவில் எடுத்துக் கொடுப்பார்கள். சாதாரண ரகம் என்றால் சில நூறு ரூபாய், நல்ல ரகம் என்றால் ஆயிரத்தைத் தாண்டும். ஒரு ஸ்க்ரூடிரைவர், பத்து நிமிஷம். பழைய சிலிண்டரை ஒரு கவரில் போட்டுப் பத்திரமா வச்சுக்கோங்க. அது ஓனர் பொருள். போகும்போது திரும்ப மாட்டணும்.

"அனுமதி இல்லாம மாத்தலாமா?"ங்கிறதுதான் அடுத்த கேள்வி. தமிழ்நாட்டில் 1960-ஆம் வருஷத்து வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை எடுத்துவிட்டு, வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் இருவரின் உரிமைகளையும் பொறுப்புகளையும் முறைப்படுத்த 2017-ல் ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். 2019 பிப்ரவரியில் அது நடைமுறைக்கு வந்தது. அதன் பின்னிணைப்பில் ஒரு பட்டியல் இருக்கிறது: எந்தப் பராமரிப்பு ஓனர் செலவு, எது குடியிருப்பவர் செலவு என்று. சுவர், பைப்லைன், ஒயரிங் எல்லாம் ஓனர் தலையில். குழாய் வாஷர், சுவிட்ச், ஜன்னல் கண்ணாடி இதெல்லாம் நம் தலையில். கதவு, அலமாரி, ஜன்னல் ஆகியவற்றின் கைப்பிடிகளையும் பூட்டுகளையும் மாற்றுவதும் அந்த இரண்டாவது பட்டியலில்தான் வருகிறது. அதாவது பூட்டு மாற்றுவது வாடகைக்காரர் செய்யக்கூடாத அடாவடி என்று சட்டம் பார்க்கவில்லை. வாடகைக்காரர் செலவில் நடக்கவேண்டிய சாதாரண வேலை என்றே பார்க்கிறது. அக்ரிமென்டில் வேறு மாதிரி எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தால் அது வேறு கதை. "பூட்டை மாற்றக்கூடாது" என்று ஒரு வரி இருக்கிறதா என்று கையெழுத்துக்கு முன்னால் பாருங்க. இருந்தால் எடுக்கச் சொல்லுங்க, இல்லாவிட்டால் "தகவல் சொல்லிவிட்டு மாற்றலாம்" என்று திருத்தச் சொல்லுங்க.

நயினார்கோவில் யூனியனுக்குத் தலைமையிடம்தான், ஆனாலும் ஊராட்சி. 2017 சட்டம் நகர்ப்புற வாடகை வீடுகளை மனதில் வைத்து எழுதப்பட்டது. அதனால் கிராமத்தில் வீடு எடுக்கிறவர்கள் அதை மட்டும் நம்பி நிற்கவேண்டாம். உங்களுக்குக் கைகொடுப்பது இன்னும் பழைய ஒன்று: 1882-ஆம் வருஷத்து சொத்து மாற்றச் சட்டம். ராமநாதபுரம் ஜமீனாக இருந்த காலத்தில் வந்தது, இன்னைக்கும் உயிரோடு இருக்கு, எல்லா ஊருக்கும் பொருந்தும். அதன் 108-ஆவது பிரிவு சொல்வது மூன்று விஷயம். வாடகையைக் கொடுத்து, ஒப்பந்தப்படி நடந்துகொள்கிறவரை யாரும் தொந்தரவு செய்யாமல் அந்த வீட்டை அனுபவிக்க விடவேண்டும். நியாயமான நேரத்தில் ஓனர் வந்து வீட்டைப் பார்க்கவும் விடவேண்டும். நீங்கள் பொருத்திய பொருளை, வாங்கினபடி வீட்டை விட்டுவிட்டு, போகும்போது எடுத்துக்கொள்ளலாம். பூட்டு விஷயத்தில் இரண்டு பேருக்குமான நியாயம் இந்த மூன்று வரியிலேயே அடங்கிவிடுகிறது.

ஓனர் பார்க்க வரலாம் என்பதற்கும் ஓனர் நினைத்தபோது திறந்துகொண்டு வரலாம் என்பதற்கும் தூரம் அதிகம். 2017 சட்டப்படி ரிப்பேருக்கோ, வீட்டின் நிலையைப் பார்க்கவோ வரவேண்டுமென்றால் 24 மணி நேரத்துக்கு முன்னால் எழுத்துமூலம் தெரிவிக்கணும், எதற்கு, எந்த நாள், எந்த நேரம் என்றும் சொல்லணும். நம்ம ஊரில் எழுத்துன்னா வாட்ஸ்அப்பே போதும்னு வச்சுக்கலாம். கேட்டு வந்தா கதவைத் திறங்க, காபியும் கொடுங்க. கேட்காம வர்றதுக்குத்தான் சாவி தேவைப்படும்.

ஓனர் பக்கமும் ஒரு நியாயம் இருக்கு, அதை நான் ஒதுக்கல. ஐப்பசி கார்த்திகை மழையில் மாடித் தண்ணீர் உள்ளே இறங்கும். நீங்க தீபாவளிக்கு ஊருக்குப் போயிருப்பீங்க. சுவிட்ச் போர்டு நனையும். "ஆத்திர அவசரம்" என்பது எல்லா நேரமும் சாக்கு இல்லை. அதனால் நான் சொல்றது இப்படி: ஸ்பேர் சாவியை ஒரு கவரில் போட்டு ஒட்டி, ஒட்டின இடத்தின் மேல் குறுக்காக உங்க கையெழுத்தைப் போட்டு ஓனரிடமே கொடுங்க. "ஏதாவதுன்னா எனக்கு போன் பண்ணிட்டுப் பிரிங்க"னு சொல்லுங்க. கவர் பிரிபடாமல் இருக்கிறவரை அவருக்கும் நிம்மதி, உங்களுக்கும் நிம்மதி. தனியாகத் தங்கும் பெண்களுக்கு மட்டும் என் ஆலோசனை வேறு: கவரும் வேண்டாம். சாவி உங்ககூட வேலை பார்க்கிற தோழிகிட்டயோ உறவுக்காரர்கிட்டயோ இருக்கட்டும், அவங்க நம்பரை ஓனருக்குக் கொடுங்க. "ஏத்தா, என்மேல நம்பிக்கை இல்லையா?"னு ஓனரம்மா கேட்பாங்க. "உங்களை நம்புறேன்மா, முன்னாடி குடியிருந்தவங்களைத் தெரியாதே"னு சொல்லிடுங்க. அது உண்மையும்கூட.

இப்போ பணத்துக்கு வர்றேன். ஆயிரம் ரூபாய் சிலிண்டர் எதைக் காப்பாத்துது?

லேப்டாப், நகை, சர்டிபிகேட், கொஞ்சம் ரொக்கம். இதுக்கெல்லாம் ஹோம் இன்சூரன்ஸில் திருட்டுக்கான பாதுகாப்பு எடுத்திருக்கேன், கவலையில்லைன்னு சிலர் நினைக்கிறாங்க. பாலிசியில் 'களவு' என்பதற்கு என்ன அர்த்தம் எழுதியிருக்குன்னு ஒருதடவை வாசிங்க. பலாத்காரமாக உள்ளே நுழைந்து நடந்த திருட்டு என்றுதான் பல பாலிசிகளில் இருக்கும். 2004-ல் யுனைடெட் இந்தியா இன்சூரன்ஸ் நிறுவனம் உச்ச நீதிமன்றம் வரை போன வழக்கு ஒன்று. கிடங்கிலிருந்து சரக்கு திருடுபோனது உண்மை. ஆனால் பலாத்காரம் நடந்ததாகக் காட்ட முடியவில்லை. பாலிசியின் வாசகம் எப்படியோ அப்படித்தான் பொருள்கொள்ள முடியும் என்று சொல்லி நீதிமன்றம் நிறுவனத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. இதை உங்க வீட்டுக் கதவுக்குப் பொருத்திப் பாருங்க. டூப்ளிகேட் சாவி போட்டுத் திறந்து, எடுத்துட்டு, திரும்பப் பூட்டிட்டுப் போனா கதவில் ஒரு கீறல் இருக்காது. கிளெய்ம் போடும்போது நீங்க எதைக் காட்டுவீங்க? வருஷா வருஷம் பிரீமியம் கட்டுறீங்க, பூட்டு மட்டும் பழசு.

இரண்டாவது கணக்கு இதைவிட நுணுக்கமானது. நீங்கள் 'வாடகைதாரரா', வெறும் 'அனுமதி பெற்றுத் தங்கியிருப்பவரா' என்பதில் சட்டத்துக்கு பெரிய வித்தியாசம் உண்டு. வாடகைதாரரை எளிதில் வெளியே தள்ளமுடியாது. பி.ஜி.யில் கட்டில் எடுத்துத் தங்கியிருப்பவருக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. இதைப் பிரித்துச் சொன்ன முக்கியமான தீர்ப்பு ஒரு சலூனில் இருந்துதான் வந்தது. டெல்லி இம்பீரியல் ஹோட்டலில் இரண்டு அறைகளை எடுத்து ஒருவர் முடிதிருத்தும் தொழில் நடத்தினார். ஹோட்டல்காரர்கள் எழுதி வாங்கிய பத்திரத்தில் இருந்தது 'வாடகை' இல்லை, 'லைசென்ஸ்'. 1959-ல் உச்ச நீதிமன்றம், பத்திரத்தில் என்ன பெயர் இருக்கிறது என்பதைவிட உண்மையில் என்ன கொடுக்கப்பட்டது என்பதைத்தான் பார்க்கவேண்டும் என்றது. இடம் ஒருவருடைய தனி அனுபவத்தில் இருந்தால், மாறாக எதுவும் காட்டப்படாதவரை அவர் வாடகைதாரர். தனி அனுபவம் என்பதை சாதாரண ஆள் எப்படிப் புரிஞ்சுக்கிறது? சாவி யார் கையில் இருக்குன்னு பாருங்க. மத்தவங்களை வெளியே நிறுத்துற அதிகாரம் உங்ககிட்ட இருக்கணும். ஓனர் தன் சாவியைப் போட்டு எப்போது வேண்டுமானாலும் வந்துபோகிற வீட்டில், நாளைக்கு அவர் "அவன் சும்மா தங்கியிருந்தான்"னு சொன்னா மறுக்கிறதுக்கு உங்ககிட்ட ஒரு ஆதாரம் குறையுது.

இனி எதிர்ப்பக்கம். நீங்க பூட்டு மாத்துறது இருக்கட்டும், ஓனர் மாத்தினா?

பொங்கலுக்கு ஊருக்குப் போய் நாலு நாள் கழிச்சு வர்றீங்க. நாதாங்கியில் உங்க பூட்டுக்கு மேல இன்னொரு பூட்டு தொங்குது. போன் பண்ணினா, "ரெண்டு மாச பாக்கியைக் குடுத்துட்டு சாமானை எடுத்துக்கங்க"ங்கிறார். இல்லாவிட்டால் "எம்பொண்ணு குடிவரப்போகுது, அதான்". திங்கட்கிழமை டியூட்டி. யூனிஃபார்ம் உள்ளே, சர்டிபிகேட் உள்ளே, அம்மா கொடுத்துவிட்ட முறுக்கு மட்டும் கையில்.

ஊரில் இதுக்கு ஒரு நியாயம் பேசுவாங்க: "அவர் வீடு, அவர் பூட்டுறார், நாம என்ன கேட்கிறது?" இது தப்பு. நூறு வருஷத்துக்கும் மேலாகத் தப்பு. 1910-லேயே சென்னை உயர் நீதிமன்றத்தில் இதே மாதிரி ஒரு வழக்கு வந்திருக்கிறது. குடும்பம் கொஞ்ச நேரம் வெளியே போயிருந்தபோது ஒருவர் வெளிக்கதவில் பூட்டைப் போட்டு அவர்களை உள்ளே போகவிடாமல் செய்தார். ஆளைப் பிடித்துத் தடுக்கவில்லை, கை வைக்கவில்லை, ஒரு பூட்டுதான். அதுவே சட்டவிரோதமாகத் தடுத்தல் என்ற குற்றம் என்று தீர்ப்பானது. சட்டப் புத்தகங்களில் அந்தப் பிரிவுக்கு இன்றுவரை எடுத்துக்காட்டாக வருகிற வழக்கு இது. அன்றைய இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. அதில் இதற்கான பிரிவு 126. ஒரு மாதம் வரை சாதாரண சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். தண்டனை சின்னதுதான். ஆனால் வாரன்ட் இல்லாமலே போலீஸ் நடவடிக்கை எடுக்கக்கூடிய குற்றம் அது. ஸ்டேஷனில் "இது சிவில் மேட்டர், கோர்ட்டுக்குப் போங்க"ன்னு சொன்னா, வீடு யாருக்குங்கிறது சிவில், கதவைப் பூட்டி என்னைத் தடுத்தது கிரிமினல்னு சொல்லுங்க. புகாரை எழுதிக் கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீது வாங்காம நகராதீங்க.

வாடகை பாக்கி இருந்தால்? அப்போதும் பூட்டமுடியாது. இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம், பாக்கி வைத்தவர்களுக்கே "நம்மமேலதான தப்பு"னு ஒரு கூச்சம் வந்து வாயை மூடிக்கிறாங்க. பாக்கி வச்சது தப்புதான். அதுக்கு ஓனருக்கு வழி இருக்கு. 2017 சட்டத்தில், இரண்டு மாத வாடகை பாக்கி விழுந்தால் அதையே காரணமாகக் காட்டி வாடகை நீதிமன்றத்தில் வீட்டைத் திரும்பக் கேட்கலாம். அட்வான்ஸ் பணம் அவர் கையிலேயே இருக்கிறது. ஆனால் தானே நீதிபதியாகி, தானே அமீனாவாகி, தானே பூட்டுப் போட முடியாது. இந்தியாவில் சொத்துக்கு உரிமை உள்ளவர்கூட பலவந்தமாக அதைக் கைப்பற்ற முடியாது, நீதிமன்றம் வழியாகத்தான் பெறமுடியும் என்று 1924-ல் லண்டன் பிரிவி கவுன்சில் சொன்னது. வழக்கில் தோற்றது சாதாரண ஆளும் இல்லை, மிட்னாப்பூர் ஜமீன்தாரி கம்பெனி. 1968-ல் உச்ச நீதிமன்றம் அதையே ஒப்புக்கொண்டது, குத்தகை பாக்கிக்காகக் குத்தகைதாரரை பலவந்தமாக வெளியேற்றிய ஒரு ஜாகீர்தாரின் வழக்கில். கரண்டைப் பிடுங்குவதும் மோட்டார் சுவிட்சை அணைத்து தண்ணீரை நிறுத்துவதும் இதே ரகம்தான். அத்தியாவசிய சேவைகளை நிறுத்தக்கூடாது என்று 2017 சட்டத்தில் தனிப் பிரிவே இருக்கிறது.

அந்தப் பூட்டைப் பார்த்ததும் சுத்தியல் எடுக்கத் தோணும். எடுக்காதீங்க. நீங்க உடைச்சீங்கன்னா மறுநாள் "என் பீரோவில் இருந்த நகையைக் காணோம்"னு ஒரு எதிர்ப்புகார் வரும். வேலையில் சேர்ந்து ஆறு மாதம்கூட ஆகாத அரசு ஊழியருக்கு எஃப்.ஐ.ஆர்.னா என்னன்னு நான் சொல்லவேண்டியதில்லை. போனை எடுங்க. இரண்டு பூட்டும் தெரியிற மாதிரி போட்டோ, தெருவும் கதவு எண்ணும் தெரியிற மாதிரி வீடியோ. பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டு நிக்கவைங்க. ஓனருக்கு வாட்ஸ்அப்பில் மரியாதையா ஒரு மெசேஜ்: "ஐயா, நான் குடியிருக்கும் வீட்டில் இன்று காலை உங்கள் பூட்டு மாட்டியிருப்பதைப் பார்த்தேன். என் பொருட்கள் உள்ளே உள்ளன. இன்று மாலைக்குள் திறந்துவிடும்படி கேட்டுக்கொள்கிறேன்." அவர் கோபத்தில் என்ன பதில் போட்டாலும் அது உங்களுக்கு ஆதாரம்தான். அப்புறம் ஸ்டேஷன். பல நேரம் அங்கேயே பேசி முடிஞ்சிடும்.

முடியாவிட்டால் கோர்ட். இங்கேதான் நேரம் முக்கியம். 1963-ஆம் வருஷத்து குறித்தவகைப் பரிகாரச் சட்டத்தின் 6-ஆவது பிரிவு எல்லா ஊருக்கும் பொருந்தும், நயினார்கோவிலுக்கும்தான். உங்கள் சம்மதம் இல்லாமல், சட்டப்படியான வழியில் இல்லாமல் வெளியேற்றப்பட்டால் நீங்கள் வழக்குப் போட்டு அனுபவத்தைத் திரும்பப் பெறலாம். வீடு யாருக்குச் சொந்தம் என்ற கேள்விக்கே அங்கே வேலை இல்லை. ஓனரே எதிரியாக நின்று பட்டாவைக் காட்டினாலும் அந்த வழக்கில் அது எடுபடாது. அவர் வேண்டுமானால் தனியாக வழக்குப் போட்டுக்கொள்ளட்டும். கிடைக்கும் தீர்ப்பின்மேல் அப்பீலும் கிடையாது. இவ்வளவு வலுவான பிரிவுக்கு ஒரே ஒரு கெடு: வெளியேற்றப்பட்ட நாளிலிருந்து ஆறு மாதம். "பேசிப் பார்ப்போம், பெரியவங்களை வச்சுப் பார்ப்போம், திருவிழா முடியட்டும்"னு ஏழாவது மாதம் வக்கீலைப் பார்த்தா அந்தக் கதவு சாத்திடும். (இன்னும் ஒன்று: அரசாங்கத்துக்கு எதிராக இந்தப் பிரிவில் வழக்குப் போடமுடியாது. குவார்ட்டர்ஸில் இருக்கிறவங்க கவனிங்க.)

வக்கீல் பீஸுக்கு பயந்து விடாதீங்க. பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கு வருமானம் எவ்வளவாக இருந்தாலும் இலவச சட்ட உதவி கேட்கும் உரிமை 1987-ஆம் வருஷத்து சட்டத்திலேயே இருக்கிறது. மற்றவர்களுக்கு வருமான வரம்பு உண்டு. 15100 என்ற எண்ணுக்கு அடித்தால் வழிகாட்டுவார்கள்.

கோர்ட்டில் கேட்கப்போவது ஒன்றைத்தான்: நீங்க அங்கே குடியிருந்தீங்கன்னு எதை வச்சு நம்புறது? சம்பளக்காரங்களுக்கு இதில் ஒரு புது ஆபத்து வந்திருக்கு. பழைய வரி முறையில் எச்.ஆர்.ஏ. கழிவுக்காகவாவது மாசாமாசம் வாடகை ரசீது வாங்குவோம். புதிய வரி முறையில் அந்தக் கழிவு கிடையாது, அதனால் ரசீதும் போச்சு. சில ஓனர்கள் "கையில குடுத்துடுங்க தம்பி"னு ரொக்கம் கேட்பாங்க. தயவுசெஞ்சு யு.பி.ஐ.யிலேயே அனுப்புங்க, குறிப்பில் "ஜனவரி வாடகை"னு போடுங்க. கேஸ் புக், வங்கி முகவரி, அந்த முகவரிக்கு வந்த பார்சல் பில், எல்லாம் சேரட்டும். பூட்டு வாங்கின பில்லும்தான். ஹார்டுவேர் கடைக்காரர் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தா, தேதி போட்டு பில்லாக் கேளுங்க.

கொஞ்சம் திருப்பியும் பேசணும். இதை வாசிக்கிற உங்களில் பலபேர் இன்னைக்கு வாடகைக்காரர், ஆனால் ஊரில் அப்பா கட்டின வீட்டுக்கு நாளைக்கு ஓனர். ராமநாதபுரம் மாவட்டத்தில் துபாய், சவுதி, மலேசியா பணத்தில் எழும்பின வீடுகள் எத்தனை! கட்டினவர் அங்கே, வாடகைக்காரர் இங்கே, நடுவில் சாவியோடு ஒரு மச்சான். வாடகைக்காரர் நாலு மாதம் பாக்கி வைத்துவிட்டு, பூட்டிக்கொண்டு, போனையும் எடுக்காமல் எங்கேயோ போய்விட்டார் என்றால் ஓனருக்கு வயிறு எரியும். எனக்குப் புரியுது. ஆனாலும் பூட்டை உடைக்காதீங்க. மேலே சொன்னது எல்லாம் உங்களுக்கு எதிராகவும் திரும்பும். மலேசியாவில் இருப்பவர்களுக்கு இது புதுசே இல்லை. அங்கே 1950-ஆம் வருஷத்து சட்டத்தின் 7-ஆவது பிரிவு, வாடகைக் காலம் முடிந்த பிறகும் ஒருவர் காலி செய்யாவிட்டால் நீதிமன்றம் வழியாக அன்றி வீட்டை மீட்கக்கூடாது என்று நேரடியாகவே சொல்கிறது.

இந்த வயிற்றெரிச்சலை நீங்க யாருக்கும் கொடுக்காதீங்க. சாவியைக் கையில் வைத்துக்கொண்டு "காலி பண்ணிட்டேன், அட்வான்ஸைக் குடுங்க" என்று சொல்வது நடக்காது. சாவியைத் திருப்பிக் கொடுக்காதவரை வீடு உங்கள் அனுபவத்தில்தான் இருக்கிறது, வாடகையும் ஏறிக்கொண்டுதான் இருக்கும். 2017 சட்டத்தில் அட்வான்ஸுக்குச் சொல்லியிருக்கும் பொதுவான அளவு மூன்று மாத வாடகை. நம்ம உதாரணத்தில் 12,000. 20,000 கேட்கிற இடத்தில் இதைச் சொல்லிப் பாருங்க, குறைஞ்சாலும் குறையும். காலி வீட்டை ஓனர் வாங்கிக்கொண்ட ஒரு மாதத்துக்குள், பிடித்தம் போக மீதியைத் திருப்பித் தரணும். அந்த ஒரு மாதம் எந்த நாளில் தொடங்குது? சாவி கைமாறின நாளில். அதனால்தான் சாவி கொடுத்ததுக்கு ஒரு தடயம் வேணும்.

கடைசி நாள் சாமானை எல்லாம் ஏத்தினதும் உங்க சிலிண்டரைக் கழட்டுங்க, கவரில் வச்சிருந்த பழசை மாட்டுங்க, ரெண்டு தடவை பூட்டித் திறந்து பாருங்க. மீட்டர் ரீடிங், சுவர், கதவு எல்லாத்தையும் போட்டோ எடுங்க. ஓனர்கிட்ட சாவியைக் கொடுக்கும்போது சாவி அவர் உள்ளங்கையில் இருக்கிற மாதிரி ஒரு படம் எடுத்து அவருக்கே அனுப்புங்க: "ஐயா, இன்று வீட்டைக் காலி செய்து சாவி ஒப்படைத்துவிட்டேன். அட்வான்ஸ் 20,000-ஐ இந்த எண்ணுக்கு அனுப்பவும்." அவர் ஒண்ணும் டைப் பண்ணாம ஒரு கட்டைவிரல் மட்டும் போட்டாலும் போதும். ஸ்கிரீன்ஷாட் எடுத்து வச்சுக்கோங்க.